வசம்பு தடவிய வாய்

வகுப்பில் பாடம் நடக்கும்போது என் கண் சுவரில் இருக்கும் பல்லியின் மேல் இருக்கும். பல்லி நகர்ந்தால் நானும் எழுந்து கூடவே போய்விடுவேன். பள்ளியில் இதற்குத் 'திமிர்' என்று பெயர், பிரம்படியும் உண்டு. வீட்டில் அத்தை வைத்த பெயர் வேறு: தாய்வழிக் கோளாறு. அம்மா மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் கவனம் நிலைக்காத பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா எங்கள் சாணார்பட்டிப் பக்கம் வந்தார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப்போவாராம்.

"மரபணு மாறாதும்மா. அது எப்படி வேலை செய்யணும்னு அதுமேல சில குறி இருக்கும். பிள்ளை வயித்துல இருக்கையில தாய்க்கு நடந்ததுகூட அதுல பதியலாம். அதைத்தான் பாக்குறோம்" என்றார்.

அம்மாவின் மனதில் 'குறி' மட்டும் தைத்துக்கொண்டது. மறுநாள் காலை வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து, என் நாக்கிலும் கன்னத்தின் உள்ளேயும் தேய்த்துவிட்டாள். பச்சைப்பிள்ளைக்குப் பேச்சு வருவதற்குச் செய்கிற வைத்தியம் அது. பரிசோதனைக்கு முன்பாகவே எனக்குப் புத்தி தெளிந்துவிடட்டும் என்று நினைத்தாள் போலும். வசம்பு கசந்தாலும் தேனுக்காகச் சப்புக்கொட்டினேன்.

சற்று நேரத்தில் அக்கா வந்து என் வாயில் எடுத்த பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது.

"நான் சொன்னேன்ல! வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு, மருந்தடிச்ச மல்லித் தோட்டத்துல போய் நின்னா இப்படித்தான்" என்றாள் அத்தை. மொட்டு விரிந்துவிடும், போய்ப் பறி என்று அன்று அம்மாவை விரட்டியதே இந்த அத்தைதான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. எனக்கோ உள்ளெல்லாம் கறுத்துவிட்டது, செத்துப்போகப்போகிறேன் என்று பயம். வீடு அதிர அழுதேன்.

அம்மா தயங்கித் தயங்கி வசம்பு விஷயத்தைச் சொன்னாள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது வெறும் கரிம்மா. வாயைக் கழுவிட்டு, செத்த நேரம் கழிச்சு வேற எடுக்கலாம். குறியே இருந்தாலும் அது யார் தப்பும் இல்ல. இதனாலதான் இவ இப்படின்னு சொல்லவும் முடியாது."

அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"என் வாயிலயும் எடுங்கம்மா. அந்தக் குறி என்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, பள்ளிக்கூடத்துல இவளத் திமிருன்னு அடிக்கமாட்டாகள்ல?"

சொல்லிவிட்டு, கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டாள்.

எனக்கு அழுகை நின்றுபோனது. அம்மாவுக்கும் தேன் வேண்டும் போலிருக்கிறது என்று, ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்துவந்தேன்.