மொய் நோட்டுப் பெயர்கள்

என் கையெழுத்து அழகாக இருந்து தொலைத்தது. அதனால்தான் அந்தப் பெயர்களை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். அப்பா இறந்துவிட்டார். சங்கரன்கோவில் பருத்தி மண்டியில் கணக்கு எழுதிய அண்ணனுக்கு, அந்தச் சம்பளத்தில் என்னைக் கட்டிக்கொடுக்க முடியாது என்ற கவலை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டானால் நாலு காசு பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். திருநெல்வேலியிலிருந்து கோட்டு போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, "முதல்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஆட்கள் நூறு பேரை எழுதுங்க. யாரையும் விட்டுராதீங்க" என்றார். அண்ணனுக்கு இருபது பேரைத் தாண்டவில்லை. மண்டி, காப்பிக் கடை, கோயில் வாசல், அவ்வளவுதான் அவன் உலகம்.

பிறகு அவன் மூளை வேலை செய்தது. பெட்டியிலிருந்து அப்பாவின் மொய் நோட்டை எடுத்துவந்தான். எந்தக் கல்யாணத்தில் யாருக்கு என்ன மொய் செய்தோம் என்று, ஊர், வீட்டு அடையாளத்தோடு அப்பா எழுதி வைத்திருந்தார். பனவடலிசத்திரம், மேலநீலிதநல்லூர் என்று சுற்றுவட்டாரமே அதில் இருந்தது. அவ்வளவும் என் கல்யாணத்துக்குத் திரும்பி வரவேண்டிய மொய். எனக்கென்று இருந்த சொத்து அதுதான்.

"ஏட்டி, இந்தப் பேரையெல்லாம் ஒரு தாள்ல அழகா எழுதிக் குடு" என்றான். மாங்கு மாங்கென்று எழுதிக் கொடுத்தேன்.

வீடு கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று அந்த நோட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். போன இடமெல்லாம் ஜெயம். ஆயுள், பாலிசி, பிரீமியம் என்று அவன் பேசி முடிப்பதற்குள் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்தார்கள். வெற்றிலை பாக்கோடு கொடுத்தார்கள்! அதிலாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டாமா? "பாத்தியாட்டி, நான் வாயத் தொறந்தாலே ஆளு மடங்கிருதான்" என்று பீற்றிக்கொண்டான். பணத்தைக் கம்பெனிக்குக் கட்டி, அவர்களுக்கு ரசீது கொண்டுபோய்க் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் அவனுக்கு ஒரு குடை பரிசளித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, அதை விரித்துக்கொண்டு தெருவில் நடந்தான்.

அடுத்த தவணைக்குப் போனபோது ஒருவரும் கொடுக்கவில்லை. "அதான் அன்னைக்கே குடுத்தாச்சுல்லா" என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். ஜனங்களுக்கு விவரம் போதவில்லை என்று அலுத்துக்கொண்டான்.

யாருக்கு விவரம் போதவில்லை என்பது என் கல்யாணத்தன்று தெரிந்தது. மாப்பிள்ளைக்குச் சிவகிரி. அவர்கள் கேட்டிருந்த இரட்டைவடச் சங்கிலியை, மொய் விழுந்ததும் பணம் தருவதாகச் சொல்லி நகைக்கடையிலிருந்து அண்ணன் வாங்கிவந்திருந்தான். மேஜை போட்டு, தாம்பாளம் வைத்து, மொய் எழுத ஆளும் உட்கார்ந்தாயிற்று. சொந்தமெல்லாம் வந்தது. வயிறாரச் சாப்பிட்டது. என்னை வாழ்த்தியது. மேஜையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பனவடலிசத்திரத்துச் சித்தப்பாவிடம் அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அவர் பதறிப்போனார். "என்ன மதினி, இப்பிடிக் கேக்கிய? மொய் நோட்டைக் கையில வச்சிக்கிட்டுல்லா வந்தான்! தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னக்கூட்டியே மொய்ய வாங்க வந்திருக்கான், கூச்சப்பட்டு என்னமோ சுத்தி வளைக்கான்னுல்லா நெனச்சோம். எல்லாரும் அப்பமே செஞ்சாச்சே!"

சாயங்காலம், நான் சிவகிரிக்குக் கிளம்பும் நேரத்தில் நகைக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். அண்ணன் உள்ளே வந்து என் முன்னால் நின்றான். என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கிலியைக் கழற்றி அவன் கையில் போட்டேன்.

"இதுக்கும் ரசீது குடுப்பியாண்ணே?" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. பாவி நான், அந்தச் சொல்லை விழுங்கியிருக்கக் கூடாதா? எனக்காகத்தானே அவன் தெருத்தெருவாக அலைந்தான்! சங்கிலி இல்லாததற்கு மாமியார் கொஞ்ச நாள் முணுமுணுத்தார், பிறகு மறந்துபோனார். அண்ணன் என் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

என் மூத்தவளுக்குக் காது குத்த, நானே சங்கரன்கோவிலுக்குப் போய் அழைத்தேன். "வாரேன்" என்றான். கம்மல், துணிமணி, தேங்காய் பழம் எல்லாம் முறைப்படி வந்தன, வேறு ஒருவர் கையில். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த பஸ்ஸும் வந்து போன பிறகு, பிள்ளையை என் மடியில் வைத்துக் குத்தச் சொன்னேன்.