கனமானவர்கள் வலது பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் ஃபாதர் என் பெயரைச் சொல்லி நன்றி கூறினார்.

நான் கிறிஸ்தவன் இல்லை. சர்ச்சுக்குள் போனதே அது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டும் கல்யாணம். சாப்பாட்டை உத்தேசித்துப் போனது. இந்தத் தடவை எதிர் வீட்டு செபஸ்தியான் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப் போய் முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். 'ஒரு குடும்பத்தையும் பச்சைக் குழந்தையையும் தன் சாமர்த்தியத்தால் காப்பாற்றிய சகோதரர்' என்று ஃபாதர் சொன்னதும் பாதி ராயபுரம் திரும்பிப் பார்த்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னா அடக்கம் பாரு!" என்று பின்னால் ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

அடக்கமா? சொல்கிறேன்... கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் வண்டியைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் அளந்துவிட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட பழைய ஜீப் வேன். முன்னால் இரண்டு பேர். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்ச் — நெருக்கி உட்கார்ந்தால் எட்டு பேர். எனக்கு இருப்பதோ ஒரு மனைவி, இரண்டு பெண்கள். மிச்ச இடமெல்லாம் தெருவுக்கு. கல்யாணமா, பிரசவமா, என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் முடியாது என்று சொன்னதே இல்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். தபால்காரர்கூட என் வீட்டை 'வண்டிக்காரர் வூடு' என்கிறார் — அந்தச் சுகத்துக்காக.

ஒரு மாதமாக வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது, காதுவலிக்காரன் மாதிரி. மெக்கானிக் துரை அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"சார், பின்னாடி லெஃப்ட்ல மெயின் பட்டை விரிசல் வுட்டுகீது."

வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்கு அடியில் இரும்புப் பட்டைகளை வில் மாதிரி அடுக்கியிருப்பார்கள். அதில் நீளமானது மெயின் பட்டை. சக்கரம் அதன் இடத்தில் நிற்பதே அந்த ஒன்றின் தயவில்தான்.

"ஓடுமா, ஓடாதா? அத்த சொல்லு."

"ஓடும் சார். எது வரிக்கும்னுதான் தெரியாது. நாலு நாள் வுட்டுட்டுப் போ சார், வேற பட்டை போட்டுத் தரேன்."

நாலு நாள்! அந்த வாரம் மட்டும் மூன்று வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "எனக்குக்கூடத்தான் இடுப்புல விரிசல் கீது. ஓடிக்கினு இல்லியா?" என்றேன்.

துரை சிரிக்கவில்லை. "வண்டில கொயந்த குட்டிங்க ஏறுது சார்" என்றான்.

அன்று சாயங்காலம்தான் என் மூளை வேலை செய்தது. இடது பக்கம்தானே சாய்கிறது? பாரத்தை வலது பக்கம் ஏற்றினால்? என் மனைவியை — அவள் இதைப் படிப்பாள் என்பதால் எடையைச் சொல்லவில்லை — வலது பெஞ்சில் உட்கார வைத்து இறங்கிப் பார்த்தேன். வண்டி நிமிர்ந்து நின்றது!

"நான் இன்னா, உங்க வண்டிக்குப் படிக்கல்லா?" என்றாள் அவள்.

அன்று முதல் யார் ஏறினாலும் ஒரே சட்டம். கனமானவர்கள் வலது பக்கம், ஒல்லியானவர்கள் இடது பக்கம். ஏன் என்று கேட்டால், "அந்தப் பக்கம்தான் கடல் காத்து வரும்" என்பேன். வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் கோளாறே தெரியாது. விரிசல் அப்படியேதான் இருந்தது. நான் நிமிர்த்தியது வண்டியின் தோற்றத்தை மட்டும்.

இப்போது செபஸ்தியான் அண்ணன். ஹார்பரில் கிரேனுக்குக் கீழே வேலை. சரக்கைச் சுற்றிக் கட்டுகிற கம்பிக் கயிற்றைச் சோதித்து, ஏற்று, இறக்கு என்று கை காட்டுகிறவர். அவர் மகள் ஸ்டெல்லா பிரசவத்துக்கு வந்திருந்தாள். மூன்று மாதக் குழந்தையோடு எண்ணூரில் புருஷன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

"வாத்யாரே, உன் வண்டி இருக்கசொல்ல டாக்சி இன்னாத்துக்கு?" என்றார்.

விரிசலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு முழு நிமிஷம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் டாக்சியில் போய்விடுவார்களே!

வியாழக்கிழமை காலை கிளம்பினோம். அண்ணன் முன்னால், என் பக்கத்தில். அண்ணி நல்ல கனம் — வலது பெஞ்ச். கூட வந்த அவருடைய தங்கையும் அப்படியே — வலது பெஞ்ச். ஸ்டெல்லா ஒல்லி. அவளையும் குழந்தையையும் இடது பக்கம், விரிசலுக்கு நேர் மேலே, நானே கை காட்டி உட்கார வைத்தேன்.

காலடிப்பேட்டை தாண்டி, ரோட்டைக் கடல் கடித்துத் தின்கிற இடம் வருகிறதல்லவா... அங்கே ஒரு பள்ளம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்பக்கம் தொப்பென்று உட்கார்ந்தது. வண்டியின் மூக்கு தானாக வலது பக்கம் திரும்பியது. எதிரே லாரி. லாரிக்கு அந்தப் பக்கம் பாறாங்கல், அதற்கும் அந்தப் பக்கம் கடல். வலது பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சரிந்து ஸ்டெல்லாவின் மேல் விழுந்தார்கள்.

நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் ஒரு கை நீளம்.

"யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்திக்கொண்டே குதித்த லாரி டிரைவர், உள்ளே எட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா குழந்தையை அடியில் வைத்து வில்லாக வளைந்து கிடந்தாள். நெற்றியில் ரத்தம். குழந்தையிடமிருந்து சத்தமே இல்லை.

எவ்வளவு நேரம்? நாலு விநாடி இருக்குமா? பிறகு அது வீறிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஸ்டீரிங்க எப்டி ஒடிச்சான் பாத்தியா! வேற ஒர்த்தனா இருந்தா முடிஞ்சிருக்கும்!" என்றார் லாரி டிரைவரிடம்.

நான் எதையும் ஒடிக்கவில்லை ஸார். கண்ணை மூடிக்கொண்டேன். நகர்ந்துபோன சக்கரம் பாடியில் சிக்கியதால் வண்டி நின்றது. இழுத்துப் போக வந்த துரை அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஆக, அந்த நன்றிப் பூசை. முடிந்து வெளியே வந்ததும் ஆள் ஆளுக்கு என் கையைக் குலுக்கினார்கள். நான் அண்ணனைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணே, அந்தப் பட்டை திடீர்னு ஒடையல. முன்னாடியே விரிசல். எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பத்து நாளா."

சிரித்தார். நான் வழக்கம் போல ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அண்ணிய வலது பக்கம் உக்கார வெச்சனே... காத்துக்காக இல்ல. சாயறது தெரியக் கூடாதுன்னு."

"ஸ்டெல்லாவ அந்தப் பக்கம் உக்கார வெச்சது?"

"ஒல்லின்னு."

அவர் கை ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கொஞ்ச தூரத்தில் நின்ற மகளைப் பார்த்தார். நெற்றியில் பிளாஸ்திரியோடு, யாரிடமோ குழந்தையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கயித்துல ஒரு இழை அறுந்துகீதுன்னா, அன்னிக்கே ரெண்டா வெட்டிப் போட்டுடுவேன் வாத்யாரே" என்றார் மெதுவாக. "எவனும் மறந்துகூட எடுத்துக் கட்டக் கூடாதுன்னு. என் தம்பி பாத்துட்டேன்னு சொன்னாலும் நான் மறுபடி பாப்பேன். உன் வண்டின்றதால குனிஞ்சி பாக்காம ஏத்திட்டேன் புள்ளைய."

போய்விட்டார்.

புதுப் பட்டை போட்டு வண்டி வந்தது. தெருவில் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்னும் எனக்குப் பாராட்டு நின்றபாடில்லை. எண்ணூருக்கு டாக்சிதான் பிடிப்பார் என்று நினைத்தேன். நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆனால் நேற்றுக் காலை குடும்பத்தோடு என் வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கையில் ஒரு பஞ்சுத் துணி.

"நீயா வந்து உண்மைய சொன்ன இல்ல... அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

பிறகு நடுத்தெருவில் மண்டி போட்டார். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். ஒவ்வொரு பட்டையாகத் துணியால் தடவிக்கொண்டே வந்தார் — விரிசல் இருந்தால் பஞ்சு மாட்டும். நாலு சக்கரத்துக்கும். கால் மணி நேரம்.

"இன்னா செபஸ்தி, கீய இன்னா பொதையலா கீது?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். சாவியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். பரீட்சைப் பேப்பரைக் கண் முன்னாலேயே திருத்தினால் எப்படி இருக்கும்? அப்படி.

எழுந்தார். சட்டை முதுகெல்லாம் மண், முழங்காலில் கிரீஸ்.

"ஏறும்மா" என்றார் மகளிடம்.

எண்ணூர் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். ஹார்பர் கதை, சம்பந்தி கதை, எல்லாம் பழையபடிதான்.

குழந்தையை மட்டும் பின்னால் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மடியிலேயே வைத்திருந்தார்.