வாபஸ் வாங்கியவர்களின் அழகேசன்

“உங்கள் வீட்டுப் பிள்ளை, ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணையன் அவர்களுக்கு நீங்கள் முத்திரையிட வேண்டிய சின்னம்…” இந்த இடத்தில் நான்கு விநாடி மௌனம். பிறகு நாதஸ்வரம். அழகேசன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “கொஞ்சம் கீச்சுனு கேக்குது” என்று குமிழைத் திருகுகிறார். மற்ற மைக் செட்காரர்கள் சாமி பாட்டுப் போட்டுச் சோதிப்பார்கள். ஜெயங்கொண்டம் சாலையோரம் இருக்கும் இவர் கடையில் காலை எட்டு மணிக்குக் கேட்பது, ஊராட்சித் தலைவர் தேர்தலில் மனுவை வாபஸ் வாங்கியவர்களின் விளம்பரம்.

வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான் சின்னம் ஒதுக்குவார்கள். அதன்பிறகு குரலைப் பதிவு செய்வதுதான் தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை. இவரோ தனக்குப் பிடித்த ஆள் மனுப் போட்ட அன்றே பதிந்துவிடுவார். சரியான அவசரக் குடுக்கை. “ஆசை யாரை விட்டுச்சு? சின்னம் வந்ததும் அந்தக் காலி எடத்துல சொருகிக்கலாம்னு நெனப்பேன். ஆளே இருக்க மாட்டாங்க” என்கிறார்.

அறுபத்திரண்டு வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை, கழுத்தில் எப்போதும் ஒரு வயர். பேச்சுக்கு நடுவே “ஹலோ, ஹலோ” என்று தொண்டையைச் சரிசெய்துகொள்வார். ஜெயித்த தலைவர்களைப் பற்றிக் கேட்டால் கொட்டாவி விடுவார். “கண்ணையன் வாத்தியார் நின்னிருந்தா ஏரிக்கரையில ஒரு கருவேலம் இருந்திருக்காது சார். ஊர்க் கூட்டத்துல ‘பெரியவரு வுட்டுக் குடுக்கணும்’னாங்க. வுட்டுட்டாரு. பூவரசன் லைப்ரரி கொண்டாறேன்னான். மாமனார் வூட்டுல சத்தம் போட்டாங்க, வுட்டுட்டான்.” கேட்கக் கேட்க, நடக்காமலே போன அந்த நல்ல காலத்தை நினைத்து எனக்கே ஏக்கமாகிவிட்டது.

மேகலாவின் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். தையல் கடை வைத்திருக்கும் பெண். தெருக் குழாய்க்காக ஒன்றிய ஆபீசுக்குப் பதினொரு முறை நடந்து, தண்ணீரைக் கொண்டுவந்தவள். போன தேர்தலில் அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் இவர்தான். கணவனின் பங்காளி வீட்டிலும் ஒரு பெண் நின்றாள். ஒரே வகையறாவில் இரண்டு பேர் நின்றால் குலதெய்வப் பூசை இரண்டாக உடைந்துவிடும் என்று மாமியார் அழுதார். வாபஸ் கடைசி நாள், மேகலா கடிதம் எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கும் அதிகாரத்தையும் முன்மொழிந்தவருக்கே எழுதி, இவர் கையில் கொடுத்துவிட்டாள்.

மூன்று மணி வரைதான் நேரம். இவர் இரண்டு ஐம்பதுக்கே தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். “வண்டி பஞ்சர்னு சொல்லியிருக்கலாம். ஒரு டீ குடிச்சிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரல சார். குடுத்த வேலைய ஒழுங்கா முடிச்சுப்புட்டேன்.” நல்ல மனிதர்தான். ஆனாலும் இதைக் கேட்ட அன்று அவர் மீது எனக்குக் கோபம் வந்தது.

போன வாரம் நான் கடையில் இருக்கும்போதே மேகலா வந்தாள். மகளின் காதணி விழாவுக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வேண்டுமாம். தேதியைக் குறித்துக்கொண்ட அழகேசன், அவளைப் பார்க்காமலே கேட்டார்.

“தேர்தல் வரும்கிறாங்க. இந்தத் தடவ நிப்பியாம்மா?”

“நிக்கலாம்னுதாண்ணே இருக்கேன். ஆனா முன்மொழிய நீங்க வேணாம்.”

அழகேசன் நிமிர்ந்தார். “ஏம்மா, என் மேல வருத்தமா?”

“வருத்தமெல்லாம் இல்லண்ணே. மறுபடி யாராச்சும் அழுதா நான் எழுதிக் குடுத்துருவேன். என்னைய எனக்குத் தெரியும். அத வாங்கிட்டுப் போயிக் குடுக்காத ஆளா ஒருத்தர் வேணும்.” அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு மூணு மணி வரைக்கும் நீங்க போயிருக்க மாட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன்.”

வெளியே ஒரு டவுன் பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. அழகேசன் எழுந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொள்ளவில்லை.

“நான்தான் முன்மொழிவேன். இந்தத் தடவ கடுதாசியக் கொண்டாந்து குடுத்துப் பாரு” என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.