அப்பாவின் இடுப்பெலும்பும் இதயமும்

இன்னிக்குக் காலையில வேங்கிக்கால் ஆஸ்பத்திரியில அப்பாவுக்கு இதய ஸ்கேன், எக்கோ எடுத்தோம்.

மாரடைப்புல ஒரு பக்கத் தசை செத்துப்போன இதயம் அவருடையது. சில மாசம் முன்னாடி சென்னையில, அவரோட இடுப்பெலும்பு மஜ்ஜையில இருந்தே ஸ்டெம் செல் எடுத்து இதயத்துல செலுத்தினாங்க. பலன் கிடைக்கும்னு யாரும் உறுதி சொல்லல.

"பம்பிங் கொஞ்சம் ஜாஸ்தி ஆகியிருக்கு. செல்லாலயா, மாத்திரையாலயான்னு என்னால சொல்ல முடியாது"ன்னார் டாக்டர்.

அப்பா வெளிய வந்ததும் அம்மா கையில இருந்த பையை வாங்கி, தன் தோள்ல மாட்டிக்கிட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கயும் நிக்காம நடந்தார். அம்மா அவர் மூச்சையே கேட்டுக்கிட்டு பக்கத்துல வந்தாங்க.

பஸ்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க: "உங்களுக்கு செல் குடுத்தது யாருண்ணா?"

"நானேதாம்மா. என் இடுப்பெலும்புல இருந்துதான் எடுத்தாங்க."

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாங்க: "கல்யாணம் ஆனதுல இருந்து அந்த மனசுல இடம் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எலும்பு ஒரே நாள்ல உள்ள போய் உக்காந்துடுச்சு!"

சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா மட்டும் சிரிக்கல. அத்தனை பேர் முன்னாடி அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டார். அடி அண்ணாமலையில இறங்குற வரைக்கும் விடவே இல்ல.

இது அந்த சிகிச்சையோட பக்கவிளைவா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.