எழிலரசி படித்த பஸ்

எழிலரசிக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் படிப்பு ஏறும். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார்கள். இவள் எழுந்து நின்று, குறுக்கும் நெடுக்கும் நடந்து, கையை ஆட்டி, எதிரே ஒரு வகுப்பே உட்கார்ந்திருப்பது போலச் சொல்ல வேண்டும். கணக்குப் பாடத்தையும் அப்படித்தான் படிப்பாள். வாயை மூடினால் தன் மூளையும் மூடிக்கொள்ளும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, பகலில் தும்மக்கூட யோசிக்க வேண்டிய வீடு. அதற்குக் காரணம் நாங்கள்தான்.

நான் பேச்சி. சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். 2005இல், ஒரகடம் பக்கத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் இருந்தோம். தங்குவதற்கு ஸ்ரீபெரும்புதூரில் சுப்பராயன் வீடு. மனிதர் கீழே, மேலே, மாடிப்படி முடிகிற இடம் என்று கதவு போட முடிந்த எல்லா இடத்தையும் அறையாக்கி எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கடைசியாக, தன் ஒரே மகள் எழிலரசியின் அறையையும் விட்டார். அதன் பிறகு அவள் கூடத்தில், பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள்.

மூன்று ஷிப்ட் என்பதால் அந்த வீட்டில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்போம். எங்கள் தூக்கத்துக்குச் சுப்பராயன் போட்ட காவல் இருக்கிறதே, அப்பப்பா! பகலில் ரேடியோ கிடையாது, கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, காய்கறிக்காரர்கூடத் தெருமுனையிலேயே கூவிவிட்டு வர வேண்டும். அந்த அக்கறையில் பாதியைப் பெற்ற மகளிடம் காட்டியிருக்கலாம் என்று அவர் காதில் விழும்படியே நான் சொன்னதுண்டு. எழிலரசி புத்தகத்தோடு நின்று வாயைத் திறந்தாள் என்றால் போதும், எங்கிருந்தோ ஓடி வருவார்.

"அதுங்க ராவெல்லாம் வேலை செஞ்சிட்டு வந்து தூங்கிகினு கீதுங்க. நீ இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீற?"

அவள் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்.சி. கணக்கு, மூன்று வருஷமும் படித்தாயிற்று. எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டாள். ரியல் அனாலிசிஸ் என்ற ஒன்று மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. ஏப்ரலில் மூன்றாவது முறை எழுத வேண்டும். அது முடிந்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் பி.எட்., அப்புறம்தான் கணக்கு டீச்சர். டீச்சராக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை.

"இந்த தபாவும் புட்டுகிச்சுன்னா கம்பெனிதான். சூப்பர்வைசராண்ட பேசி வச்சிட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

கம்பெனியை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லாரும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். ஆனால் லைனில் பேசக் கூடாது. கை மட்டும்தான் ஓட வேண்டும். எழிலரசி ஒரு வாரம் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பங்குனி பிறந்ததும் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இடம் தேட ஆரம்பித்தாள். மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே தண்ணீர்த் தொட்டி நிழலில் எங்களில் ரெண்டு பேர் பாய் போட்டுத் தூங்கினார்கள். நூலகத்துக்குப் போனாள். மெதுவாகத்தான் படித்தாளாம், நூலகர் எழுந்து வந்து ‘அமைதி’ என்று எழுதிய பலகையைக் காட்டினாராம். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் உற்சவக் கூட்டம். அரை மணி நேரத்தில் மூன்று பேர் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

கடைசியில் அவளுக்குக் கிடைத்தது எங்கள் கம்பெனி பஸ்.

நைட் ஷிப்ட் முடிந்த எங்களை அந்த பஸ் விடிந்ததும் ஊருக்குள் கொண்டு வந்து இறக்கும். அடுத்து ஜெனரல் ஷிப்ட் ஆட்களை ஏற்றும் வரைக்கும் வேலை இல்லை. டிரைவர் வனமாமலை அண்ணாச்சி, நாங்குநேரிக்காரர், பஸ்ஸை ஏரிக்கரை ஓரம் புங்கமர வரிசைக்குக் கீழே நிறுத்திவிட்டுக் குளித்துச் சாப்பிட லாட்ஜுக்குப் போய்விடுவார். எழிலரசி அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "படிக்கிற பிள்ளைக்கு இல்லாத பஸ்ஸா? ஆரன மட்டும் அமுக்கிராத தாயி" என்று கதவைத் திறந்துவிட்டாராம்.

ஒருநாள் நைட் முடிந்து இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல் நானும் அவளோடு பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஆசை.

முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறந்தாள். புங்கமரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுசாகத் தளதளவென்று நின்றன. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினது போல மின்னியது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ உதிர்ந்து சீட்டெல்லாம் கிடந்தது. ஏரியிலிருந்து காற்று வந்தது. எங்கோ குயில் கத்த, இவள் பதிலுக்குக் கத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் நடுவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, காலி சீட்டுகளைப் பார்த்துப் பாடம் எடுக்கத் தொடங்கினாள்.

"என்னட்டி, இங்க யாருக்கு வாத்திச்சியா இருக்க?"

"எல்லாருக்கும்தான்க்கா. அதோ அந்த மூணாவது சீட்டுப் பொண்ணு மட்டும் கவனிக்க மாட்டேங்குது" என்று என்னைக் காட்டினாள்.

படித்துக் களைத்தால் பேசாமல் ஜன்னல் ஓரம் உட்காருவாள். உள்ளங்கையில் பூவை அள்ளி வைத்துக்கொள்வாள். "நாள் பூராவும் இது ஒண்ணுதான்க்கா எனக்கே எனக்குன்னு கீது" என்றாள். எனக்கும் அந்த அரை மணி அப்படித்தான் இருந்தது. ராத்திரி முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்திப் படுக்கிறவளுக்குக் காலை வெயில் மேலே படுவதே பெரிய சுகம். மூன்று வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இங்கே புங்கமரம் பூக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பரீட்சை நாள் வந்தது. பத்து மணிக்குத் தொடக்கம். காலையில் பஸ்ஸில் கொஞ்சம் புரட்டிவிட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து காஞ்சிபுரம் பஸ் பிடிப்பதாகத் திட்டம். பேனா, ஹால் டிக்கெட் எல்லாம் பையில் தயார். ஆனால் முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண்விழித்தவள், ஏரிக்காற்று பட்டதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அவ்வளவுதான்.

இங்கே எங்கள் பஸ்ஸின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் மீற மாட்டோம். பஸ்ஸில் தூங்குகிறவளை எழுப்பக் கூடாது. அவள் டபுள் ஷிப்ட் பார்த்தவளாக இருக்கலாம், ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து நேரே வேலைக்குப் போகிறவளாக இருக்கலாம். தலை சாய்ந்தால் தோளைக் கொடுப்போம், பை நழுவினால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். கம்பெனி வாசல் வந்த பிறகுதான் தொட்டு எழுப்புவோம்.

ஜெனரல் ஷிப்ட் பெண்கள் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் ஒரு பெண் அசந்து தூங்குகிறாள். புதுசாகச் சேர்ந்தவள் போல என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி வெயில் படாமல் ஜன்னல் துணியை இழுத்துவிட்டிருக்கிறாள். இன்னொருத்தி தன் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்திருக்கிறாள். அண்ணாச்சியும் அவள் இறங்கிப் போயிருப்பாள் என்று எண்ணித் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். இத்தனை அன்போடு அவளை ஒரகடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

அன்றைக்கு நைட் முடிந்தும் எங்களுக்கு ஓ.டி. அதை முடித்துவிட்டு, இதே பஸ்ஸில் திரும்புவதற்காகக் கம்பெனி வாசலில் காத்திருந்தோம். பஸ் வந்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். கடைசியில் ஒரு அலறல் கேட்டது.

நான் ஏறிப் பார்த்தால் எழிலரசி. கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம், கண்ணெல்லாம் மிரட்சி. செக்யூரிட்டி வந்து "ஐடி கார்டு காட்டு" என்கிறார், இவள் ஹால் டிக்கெட்டை நீட்டுகிறாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அக்கா, போச்சுக்கா. அவ்ளோதான், எல்லாம் போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "வழக்கம் போல வல்லம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம்னு இறக்கிக்கிட்டுப் போனா காஞ்சிபுரம் போய்ச் சேர பதினொண்ணு ஆயிரும். வாலாஜாபாத் ரோட்டுல நேரா அடிச்சா பிள்ளைய நேரத்துக்கு விட்டுரலாம். ஆனா உங்க எல்லாரையும் திரும்பி வரும்போதுதான் இறக்கணும். என்ன சொல்லுதிய?"

அதற்குள் எல்லாரும் பஸ்ஸில் ஏறியிருந்தோம். ராத்திரி முழுக்க நின்ற கால்கள். அதற்கு மேல் ஓ.டி. இப்போதே போனால்தான் தூக்கம், இல்லாவிட்டால் அடுத்த நைட்டுக்குக் கண் எரிச்சலோடுதான் வர வேண்டும். எல்லாரும் எங்கள் வீட்டு மாடத்தியைப் பார்த்தார்கள். பஸ் எங்கள் தெருவைத் தாண்டி ரெண்டு அடி தள்ளி நின்றாலே டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் அவள்.

மாடத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சீட்டில் மடித்து உட்கார்ந்தாள். "என்ன மூஞ்சியப் பாக்கிய? வண்டிய எடும் அண்ணாச்சி. நம்ம எழுப்பாமதான அவ இம்புட்டுத் தூரம் வந்தா?"

பஸ் வாலாஜாபாத் ரோட்டில் திரும்பியது. எழிலரசி புத்தகத்தைத் திறந்து உதட்டை அசைத்துப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை என்று முகமே சொன்னது.

"வாயத் தெறந்து படிட்டி" என்றேன்.

"எல்லாரும் தூங்கணுமேக்கா."

"நாங்க என்னைக்குத்தான் தூங்கல? நீ படி" என்றாள் மாடத்தி.

எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் குரல் எழும்பவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல ஏறியது. "லெட் எப்சிலான் பி கிரேட்டர் தேன் ஜீரோ" என்று ஆரம்பித்து, விரலால் காற்றில் கோடு போட்டு, அங்கும் இங்கும் நடந்து சொல்லிக்கொண்டே போனாள். அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியே வேப்பம்பூ வாசனை வந்தது. ரோட்டின் ரெண்டு பக்கமும் நெல் பழுக்கத் தொடங்கியிருந்தது.

"ஏட்டி, யாரு இந்த எப்சிலான்? சும்மா சும்மா வாரான்" என்று நடுவில் மாடத்தி கேட்டாள்.

"அது ஒரு சின்ன நம்பருக்கா. எவ்ளோ சின்னதா வேணும்னாலும் வச்சிக்கலாம். ஆனா சைபரா மட்டும் ஆவக் கூடாது."

"நம்ம தூக்கம் மாதிரின்னு சொல்லு."

பஸ்ஸே சிரித்தது. எழிலரசியும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவள் முகத்திலிருந்த பயம் போய்விட்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எங்களைப் பார்த்து, எங்களுக்கே சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். எனக்கு அதில் ஒரு வரி புரியவில்லை. ஆனால் அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

கல்லூரி வாசலில் பஸ் நின்றபோது முதல் மணி அடித்தது. அவள் குதித்து ஓடினாள். மாடத்தி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "பாஸாவாம வீட்டுக்கு வந்துராத!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். பஸ்ஸைத் திருப்பி எங்களை ஒவ்வொரு இடமாக இறக்கி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. டிரான்ஸ்போர்ட் ஆபீசில் அண்ணாச்சிக்கு நல்ல திட்டு. மறுநாள் காலையிலும் அதே புங்கமரத்தடியில்தான் வண்டியை நிறுத்தினார்.

ஜூன் மாசம் ஒரு மத்தியானம் ரிசல்ட் வந்தது. எழிலரசி பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தாள். எங்களுக்கு அந்த வாரமும் நைட். வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தோம். சுப்பராயன் வாசலில் காவல் இருந்தார்.

அவள் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "பாஸ்! பேச்சிக்கா, பாஸ்! மாடத்திக்கா, நான் பாஸு!" மாடிப்படி ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே வருகிறாள். பின்னாலேயே சுப்பராயன், "ஏய், மெதுவா, மெதுவா! தூங்கிகினு கீதுங்கடி" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

கதவுகள் திறந்தன. தலைவிரி கோலமாக, தூக்கக் கண்ணோடு எல்லாரும் வெளியே வந்தோம். மாடத்தி அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டாள். ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள், ஒருத்தி விசில் அடித்தாள், எவளோ தட்டை எடுத்துத் தாளம் போட்டாள். சுப்பராயன் படியிலேயே நின்றார். எங்கள் எல்லாரையும் பார்த்தார், மகளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கத்து, நல்லா கத்து" என்றார்.

எழிலரசி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் கத்தினாள். நானும் கத்தினேன். பெற்ற பிள்ளை பாஸானால் இப்படித்தான் இருக்குமோ என்னவோ. எனக்கு அப்போது இருபத்தொரு வயசுதான்.