பாசி பார்க்கிற அம்மா

காப்பீட்டு அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பாசியக்கா என்றால்தான் கை நீட்டுவார்கள். ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாள், சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, குழாய் கசியும் பின்சுவர் ஓரமாகக் குந்தி, சிறிய லென்ஸ் ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பாசி பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாததற்காகச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தபோது தொற்றிய பழக்கம். மூக்குக்கு நேரே ஒரு காடே இருந்தது. இலை இருந்தது, தண்டு இருந்தது, தண்டின் நுனியில் மூடி போட்ட குடுவை போல ஒன்று நின்றது. உள்ளே வா என்று ஆசிரியை கூப்பிட்டது காதில் விழவில்லை. அதற்குத் தனியாக ஓர் அடி கிடைத்தது.

"அக்கா, எங்க வீட்டுத் தொட்டியில உங்க சொந்தக்காரங்க நிறையப் பேர் குடியேறிட்டாங்க. வாடகையும் தர்றதில்ல. வந்து கூட்டிட்டுப் போங்க" என்பார் காசாளர். அவளும் சிரித்து வைப்பாள். இத்தனை ஆண்டுகள் சிரித்து வைத்ததில் தாடைதான் ஓய்ந்துபோயிருந்தது.

ஒருமுறை கடைத்தெருவில் கால்வாய்ச் சுவரோரம் குந்தியிருந்தாள். காதணி தொலைந்துவிட்டதென்று எண்ணிய மூவர் தாங்களும் குனிந்து தேடத் தொடங்கினர். உண்மையைச் சொல்ல வெட்கம். ஒரு காதணியை மெல்லக் கழற்றி, "கிடைச்சிடுச்சுங்க" என்று உயர்த்திக் காட்டினாள். மூவருக்கும் முகமெல்லாம் மகிழ்ச்சி. அவளுக்கு வீடுவரை நடக்கவே கால் எழவில்லை.

மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனை விரும்பினாள். அவனைப் பெற்றவர்கள் பேச வருவதாகச் சொன்ன அன்று, நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டாள்.

"ஜன்னல்ல இருக்கிற பாசி பாட்டிலையெல்லாம் உள்ள தள்ளுங்க அண்ணி. அழுக்குக்குத் தண்ணி ஊத்தி வளர்க்கிற குடும்பம்னு நினைச்சிடப் போறாங்க."

தங்கை பேச்சுக்கு மறுபேச்சு அறியாத கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். மகள் மட்டும் அருகில் வந்து, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்மா" என்றாள். அதுதான் உறைத்தது. பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் பையனின் அம்மா, "ஆபீஸ் நேரம் போக வேற என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணி தையல்ல கெட்டிக்காரி. இந்த விரிப்புகூட அவங்க கைவேலைதான்."

பையனின் அம்மாவுக்கும் தையலில் பித்து இருந்ததை யார் கண்டார்கள்? விரிப்பின் ஓரத்தைப் புரட்டி, விரலால் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு நெருக்கமா விழுந்திருக்கு. இது என்ன தையல்? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

எல்லார் கண்ணும் பாசியக்காமேல். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்தான். பிறகு அந்தப் பொய்க்குத் துணையாகச் சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் ஊசியும் நூலுமாக உட்கார வேண்டும். நினைத்த மாத்திரத்தில் தோள்பட்டை வலித்தது.

"இது கடையில வாங்கினதுங்க" என்றாள். "எனக்குப் பொத்தான் தைக்கக்கூட வராது. நான் பாசி பார்ப்பேன்."

"பாசின்னா?"

"சுவத்துல வளருமே, அது. வேணும்னா காட்டறேன்."

கட்டிலடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து, லென்ஸையும் கையில் கொடுத்தாள். பையனின் அப்பா மரியாதைக்கு எட்டிப் பார்த்துவிட்டு பிஸ்கட்டுக்குத் திரும்பினார். பையனின் அம்மா சற்று நேரம் பார்த்து, "ம், பச்சையா இருக்கு" என்றாள். பாசியக்கா மேற்கொண்டு விளக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் விடைபெற்றுக்கொண்டார்கள்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல அண்ணி. கைக்கு வந்த சம்பந்தம்."

"பொய் சொன்னது நீ. அதுக்குக் காலம் பூராக் காவல் காக்கறது நானா? எனக்கு முடியலம்மா."

மகள் கோப்பைகளைக் கழுவினாள். அவை ஒன்றோடொன்று இடிபடும் ஓசை நாத்தனாரின் ஏச்சைவிட வலித்தது. பாசியக்கா பாட்டில்களை ஒவ்வொன்றாக ஜன்னலில் பழையபடி அடுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

மகளின் கைப்பேசி ஒலித்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், அதை உள்ளங்கையால் பொத்தியபடி வந்தாள்.

"அவங்கம்மா கேக்கச் சொன்னாங்களாம். அவங்க குளியலறைச் சுவத்துலயும் இதே மாதிரி இருக்காம். எதைப் போட்டுத் தேய்ச்சாப் போகும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமாமே?"

"ஏதாவது ஒரு பவுடர் பேரைச் சொல்லித் தொலைங்க அண்ணி" என்று நாத்தனார் பல்லைக் கடித்தாள்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அதை ஏன் தேய்க்கணும்னு கேளு."

மகள் ஈரக்கையோடு அப்படியே நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விலக்கினாள்.

"எங்கம்மா கேக்கறாங்க, அதை ஏன் தேய்க்கணும்னு... இல்ல, விளையாட்டுக்கு இல்ல. நிஜமாத்தான். அவங்க அப்படித்தான்."