கொளுந்து என்று பாடியவள்

என் அண்ணன் மகன் சிவபாலனின் மனைவி தவமலர், தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிலிமத்தலாவைக்கு வாழ வந்தவள். ஒரு படத்தில் நடிகைக்குப் பதிலாகப் பாடிக் கொடுக்க மூன்று நாள் கண்டிக்குப் போய்வந்தாள். படத்தில் அவள் பெயரைப் போடவில்லை. அந்த நடிகையோ, தானே பாடியதாக டீவிப் பேட்டியில் சொன்னாள்.

"பேரே வராத பாட்டுக்கா மூனு நாளு சீவிச் சிங்காரிச்சிக்கிட்டுப் போன?" என்று என் மதினி பேச்சியம்மா மருமகளைக் குடைந்தெடுத்தாள். மகன் காதிலும் ஓதினாள். அவனும் பெண்டாட்டியோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

அந்தப் பாட்டு டீவியில் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பேட்டியில் நாக்கை மடித்துக் 'கொழுந்து' என்று சொன்ன நடிகை, பாட்டில் தோட்டத்து ஆட்களைப் போலக் 'கொளுந்து' என்றாள்.

சிவபாலன் சிரித்துவிட்டான். "அம்மா, இது இவ நாக்குதாம்மா!"

மதினி காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஆமா, இவதான்." பிறகு அவள் முகம் சுருங்கியது. "கூடவே ஒருத்தன் கொஞ்சுறானே, அவன் யாருடி?"

"நான் அவர கண்டதே இல்லங்க அத்தை. அவரு வேற நாளு வந்து பாடிட்டுப் போயிட்டாரு. மிஷின்லதான் ஒன்னா சேர்த்தாங்க."

"ஆளப் பார்க்காமலா இந்தக் குழைவு?"

சிவபாலன் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த ஆண் குரலைக் கேட்க டீவியின் சத்தத்தைக் கூட்டினான்.